பழைய ஐகானுக்குப் புது டயர்

டீ வருவதற்குள் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூர்த் தம்பி ஒருவர் பழைய ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறார். இன்ஜினில் குறையில்லை, பாடியில் துருவில்லை. டயர் நான்கையும் மாற்றியாக வேண்டும். “அண்ணே, இருக்கிற 175 டயரை எடுத்துட்டு 195 போட்ரலாமா? பாக்கவும் கெத்தா இருக்கும், ரோட்டையும் நல்லாப் பிடிக்கும்ல?” என்று கேட்கிறார்.

ஜென், எஸ்டீம், பாலியோ, முதல் தலைமுறை ஸ்விஃப்ட் என்று பழைய வேகக் கார்களை ஆசையாக வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்துவிடும். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கிக்கொண்ட பதில், டயர் கடையில் பளபளப்பான அலாய் வீலைப் பார்த்ததும் மறந்துபோகும். அதனால் நிதானமாகவே பேசுவோம்.

முதலில் காரைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐகான் நம் மறைமலை நகர் ஆலையில் பிறந்த கார். 1999-ல் வந்தது. ஏறத்தாழ ஒரு டன் எடை, சுமார் 90 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அந்த விலைக்கு அது பெரிய வேகம். ‘ஜோஷ் மெஷின்’ என்றே விளம்பரம் செய்தார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும். அதுதான் அதன் அழகு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறுவருடம் மறைமலை நகர் ஆலையும் நின்றது. கம்பெனி போய்விட்டாலும் டயருக்குப் பஞ்சம் வரவில்லை. தம்பியின் காரில் இருப்பது 175/65 ஆர் 14. டாடா டியாகோவின் சில வகைகளுக்கும் முதல் தலைமுறை ஹோண்டா அமேஸுக்கும் இதே அளவுதான். எந்த ஊர்க் கடையிலும் கேட்டு வாங்கலாம்.

கிடைக்கிறது என்பதோடு வேலை முடியவில்லை. இந்த அளவில் விற்பவற்றில் பெரும்பாலானவை, சிறிய குடும்பக் கார்களுக்கு மைலேஜ் கூடுதலாகத் தருவதற்காகச் செய்தவை. உருள்வதற்குச் சுலபமாகவும் நெடுநாள் தேயாமலும் இருக்கும்படி ரப்பரைக் கலந்திருப்பார்கள். தம்பிக்கு வேண்டியது பிடிப்பு. வெளிநாட்டு டயர் வாங்கலாம் என்றால், 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, சிறிய அளவுகளில் வந்துகொண்டிருந்த வெளிநாட்டு ரகங்கள் பல கடைகளில் காணாமல் போய்விட்டன. இருப்பதில் சரியானதைப் பொறுக்கி எடுக்கத் தெரிய வேண்டும்.

அடுத்தது சாலை. நம் தேனிப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர் எந்தப் பக்கம் போனாலும் மலைதான். முந்தலில் தொடங்கிப் போடிமெட்டுவரை 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலை போனால் 18. லோயர் கேம்ப் தாண்டினால் குமுளி மலைப்பாதை. கம்பத்திலிருந்து ஏறினால் கம்பம்மெட்டு. போடியிலிருந்து போடிமெட்டு போவதற்குள் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். ஏறும்போது இன்ஜின் உழைக்கும். இறங்கும்போது முழுப் பொறுப்பும் பிரேக்குக்கும் டயருக்கும்தான். பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் நிறுத்தும். சக்கரம் நின்றபின் கார் நிற்பதும் நில்லாததும் டயர் தரையைப் பிடிப்பதில் இருக்கிறது. ஆகவே நம் ஊரில் டயரை இறக்கத்துக்காகவும் ஈரத்துக்காகவும் தேர்ந்தெடுக்க வேண்டும். தேனி பைபாஸின் நேர்ச் சாலைக்கு எந்த டயரும் போதும்.

“சரிண்ணே, அகலம் கூடினா பிடிப்பும் கூடத்தானே செய்யும்?”

நியாயமான சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் காரில் ஒவ்வொரு டயர் மீதும் சராசரியாக 250 கிலோ. உள்ளே காற்று 30 பி.எஸ்.ஐ. என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர். இந்தப் பரப்பைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் எடையும் காற்றழுத்தமும்தான். அதே எடை, அதே காற்று என்றால் 195 போட்டாலும் பரப்பு பெரிதாகக் கூடாது. அதன் வடிவம்தான் மாறும்: பக்கவாட்டில் அகன்று, நீளவாக்கில் குறுகும். காய்ந்த தரையில், வேகமான வளைவில் அந்த வடிவம் உதவும் என்பது உண்மை. பந்தயக் கார்களுக்கு அகல டயர் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே ரப்பரும் மிக மிருதுவானது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் நிற்கும் சாலையில் கதை மாறுகிறது. அகலமான டயர் தனக்கு முன்னால் இருக்கும் தண்ணீரை அதிகமாகத் தள்ளியாக வேண்டும். பட்டன் என்று நாம் சொல்லும் மேல்பட்டையின் பள்ளம் வழியாகத் தண்ணீர் வெளியேறுவதற்குள் டயர் அதன் மேல் ஏறி மிதந்துவிட்டால், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கையை விட்டுப் போகும். உத்தமபாளையம், கம்பம் பக்கத்து நேர்ச்சாலையில் ஐப்பசி மழைக்குப் பிறகு வேகமாகப் போகும்போது ஸ்டீயரிங் சட்டென்று லேசாவதை உணர்ந்திருப்பீர்கள். அந்த நொடியில் டயர் மிதக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அகல டயர் உள்பக்க மட்கார்டில் உரசக்கூடும். ஸ்டீயரிங்கும் கனக்கும். எந்த லேசான திருப்பத்துக்காக அந்தக் காரை வாங்கினோமோ, அதைக் காசு கொடுத்து இழப்பதாக முடியும்.

இப்போது எண்களை வாசிக்கக் கற்றுக்கொள்வோம். 175 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். ‘ஆர்’ என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 583 மி.மீ. 185/60 ஆர் 14 போட்டால் 578 வரும். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 195/60 ஆர் 14 போட்டால் 590. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அகலத்தைக் கூட்டி 65-ஐ அப்படியே விட்டு 185/65 போட்டால் 596. இரண்டு சதவீதம் தாண்டிவிடும். விட்டம் மாறினால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் கியரின் இழுப்பும் சேர்ந்தே மாறும்.

ரிம்மையும் பார்க்க வேண்டும். 175/65-க்கு 5 முதல் 6 அங்குல அகல ரிம் பொருந்தும். 195/60-க்குக் குறைந்தது 5½ அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் பக்கச்சுவர் உள்வாங்கி, வளைவில் டயர் ஆடும். மேலும், கம்பெனி அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுகளுக்கு வெளியே போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் அதையே பிடித்துக்கொள்ளவும் கூடும். கதவோரத்து ஸ்டிக்கரையும் காரோடு வந்த கையேட்டையும் முதலில் பாருங்கள்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: காரோடு வந்த அளவிலேயே நல்ல பிடிப்புள்ள ரகம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. அந்த அளவில் மைலேஜ் டயர் மட்டுமே கிடைக்கிறது, கையேடும் 185/60-ஐ அனுமதிக்கிறது என்றால் ஒரு படி மேலே போகலாம். அந்த மாற்றத்தை நல்ல ரப்பருக்காகச் செய்யுங்கள். தோற்றத்துக்காகச் செய்யாதீர்கள்.

அளவுக்குப் பக்கத்தில் ‘82 டி’ என்றோ ‘82 எச்’ என்றோ போட்டிருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். டி என்றால் 190 கி.மீ. வேகம்வரை, எச் என்றால் 210 வரை. “நம்ம ரோட்டுல யாருண்ணே 190-ல போறது?” என்று தம்பி கேட்டார். யாரும் போக வேண்டாம், போகவும் கூடாது. ஆனால் எச் தகுதி பெறும் டயர் கூடுதல் சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கும். பக்கச்சுவரும் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போதும் அடுத்தடுத்து ஒடிக்கும்போதும் அந்த விறைப்பைக் கையில் உணரலாம். மேடுபள்ளத்தில் சற்று உதைக்கும். ஐகானுக்கு அது ஏற்ற பேரம்தான்.

அடுத்து வருவதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது டயரின் வயது. தினமும் ஓடும் காரில் டயர் தேய்ந்து சாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் ஆசைக் காரில் தேயாமலே சாகும். பட்டன் பார்க்கப் புதிது போல இருக்கும். ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் உள்ளே வேலை செய்து ரப்பரை இறுக்கியிருக்கும். பள்ளிப் பெட்டியில் வருடக்கணக்கில் கிடந்த அழிரப்பர் எழுத்தை அழிக்காமல் தாளில் வழுக்கிக்கொண்டு போகுமே, அதுதான் இங்கும் நடக்கிறது. காய்ந்த சாலையில் தெரியாது. ஈரத்தில், வளைவில், பிரேக் பிடிக்கும் அந்த ஒரு தருணத்தில் தெரியும்.

வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கச்சுவரில் ‘டாட்’ என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம். வெளியே காணோம் என்றால் குனிந்து உள்பக்கம் பாருங்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை வருடம் என்பதில் கம்பெனிகளுக்குள் ஒரே கருத்து இல்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் பரிசோதிக்க வேண்டும், பத்து வருடத்தில் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்கிறது மிஷலின். ஃபோர்டு அமெரிக்காவில் ஆறு வருடம் என்று எல்லை வைத்தது. ஃபோர்டுக்கு அந்த எச்சரிக்கை வந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களில் மேல்பட்டை ஓட்டத்தில் பிய்ந்து, வண்டிகள் உருண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் வடிவமைப்பு, தயாரித்த ஆலை, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த காற்று என்று பல காரணங்கள் விவாதிக்கப்பட்டன. ஆனால் விபத்துகள் அதிகம் நடந்தது டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில். சூடும் காற்றுக்குறைவும் சேர்ந்தால் டயர் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. சித்திரை வெயிலில் திறந்தவெளியில் கார் நிற்கும் நம் ஊருக்கு ஆறு வருடம் என்பதே சரியான எல்லை என்று நான் நினைக்கிறேன்.

பழைய கார் வாங்கும்போது கன்னங்கரேல் என்று மின்னும் டயரைக் கண்டால் ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பாலிஷுக்கு அடியில் மெல்லிய வெடிப்புகள் இருக்கலாம். செகண்ட்ஹேண்டு டயரை ‘எழுபது சதவீதம் பட்டன் இருக்கு’ என்று விற்பார்கள். பட்டன் இருக்கலாம், அந்த டயர் எந்த வெயிலில் நின்றது, எந்தப் பள்ளத்தில் அடிபட்டது என்பது யாருக்கும் தெரியாது. ரீபட்டன் டயர் முறையாகச் செய்தால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் சரி. மலையேறும் வேகக் காருக்கு வேண்டாம். புது டயர் வாங்கும்போதும் தேதியைப் பாருங்கள். அதிகம் விற்காத அளவு, கடையின் மேல்தட்டில் நாள்பட்டுக் கிடந்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்டது வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அவசியம் இருக்க வேண்டும். 2022-ல் மத்திய அரசு டயர்களின் ஈரப்பிடிப்பு, உருள் தடை, சத்தம் மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவுகோலை அறிவித்து, முதலில் புதிய வடிவமைப்புகளுக்கும் பிறகு பழையவற்றுக்கும் கொண்டுவந்தது. பழைய ஸ்டாக்கைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம்.

பட்டனின் ஆழம் புது டயரில் ஏழெட்டு மி.மீ. இருக்கும். பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டைத் தொட்டால் மிச்சம் 1.6 மி.மீ. சட்டம் சொல்லும் கடைசி எல்லை அது. அதுவரை காத்திருக்காதீர்கள். ஆனியில் சாரல் தொடங்கும்போது 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில்தான் குழைந்து வழுக்கும். போடிமெட்டில் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

“நாலும் ஒண்ணா வாங்கக் காசு பத்தாதுண்ணே. ரெண்டு வாங்கி முன்னாடி போட்டுக்கவா?”

இரண்டு வாங்கலாம். ஆனால் பின்னால் போடுங்கள். கேட்டவுடன் தலைகீழாகத் தோன்றும். இன்ஜின் முன்னால், ஓட்டுவது முன் சக்கரம், திருப்புவது முன் சக்கரம். பெரும்பாலான கடைகளில் புதிதை முன்னால்தான் மாட்டப் பார்ப்பார்கள். ஈர வளைவில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். நாம் இயல்பாகவே ஆக்சிலேட்டரை விடுவோம், கார் வேகம் குறைந்து மெல்லத் திரும்பக் கட்டுப்படும். பின் டயர் வழுக்கினால் காரின் வால் சுழலும். அதைப் பிடித்து நிறுத்தப் பந்தய ஓட்டுநரின் கை வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடையெல்லாம் முன்னால் சாய்ந்து, பின் சக்கரம் ஏற்கெனவே லேசாகியிருக்கும். அங்கே மொட்டை டயரும் இருந்தால் வால் சுழல வெகுநேரம் ஆகாது. நல்லது பின்னால் இருக்கட்டும். ஒரே அச்சில் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருக்கட்டும்.

டயர் கடைக்குப் போவதற்கு முன் மெக்கானிக்கிடம் போங்கள். இருபது வருடக் காரில் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் தளர்ந்திருக்கும். அவற்றைச் சரிசெய்யாமல் வீல் அலைன்மென்ட் பார்ப்பது வீண்; புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துபோகும். டயர் மாட்டும்போது காற்று வால்வையும் புதிதாகப் போடுங்கள். அதுவும் ரப்பர்தான், அதற்கும் வயதாகும். பக்கச்சுவரில் ‘வெளிப்பக்கம்’ என்றோ சுழலும் திசைக்கான அம்புக்குறியோ இருந்தால் அப்படியே மாட்டியிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். புது டயரின் மேல்பரப்பு கொஞ்சம் தேய்ந்த பிறகுதான் அதன் முழுப்பிடிப்பு வெளிவரும்.

காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். ‘கூடிப்போச்சு’ என்று மலைமேல் காற்றை இறக்கிவிட்டால், கீழே வந்து டயர் ஆறியதும் குறைந்துபோயிருக்கும். மலை ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் ஆயிரம் மீட்டருக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. போலக் கூடக் காட்டும். மேலே குளிர் என்பதால் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. குறையும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மலைக்காகத் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

“கடைசியாச் சொல்லுங்கண்ணே, எந்தக் கம்பெனி?”

கம்பெனியைவிட ரகத்தைப் பாருங்கள். டயர் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. குமுளி தாண்டி இறங்கினால் முண்டக்கயம் தொடங்கிக் கோட்டயம்வரை ரப்பர் தோட்டங்கள். ரப்பர் வாரியமும் கோட்டயத்தில்தான். எம்.ஆர்.எஃப். பிறந்தது திருவொற்றியூரில். அப்போலோவுக்கு ஒரகடத்திலும் ஜே.கே. டயருக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள் உண்டு. எல்லாக் கம்பெனியிலும் மைலேஜுக்கு ஒரு ரகம், பிடிப்புக்கு ஒரு ரகம் உண்டு. கடைக்காரரிடம் “எது ரொம்ப நாள் உழைக்கும்?” என்று கேட்காதீர்கள். “இந்த அளவில் ஈர ரோட்டில் நல்லாப் பிடிக்கிறது எது?” என்று கேளுங்கள். ரப்பர் கலவையில் சிலிக்கா உண்டா, தண்ணீர் வெளியேற அகலமான நீளப் பள்ளங்கள் உண்டா என்று பாருங்கள். வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் காருக்கு நீண்ட ஆயுள் தேவையே இல்லை. தேய்வதற்கு முன் வயதாகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் பணத்தை நல்ல ரகத்தில் போடுங்கள், அகலத்தில் போடாதீர்கள்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உங்கள் கார் மட்டும் அல்ல, தம்பி. விடிந்தும் விடியாமலும் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் மலையேறுகின்றன. பெரும்பாலும் பெண்கள், நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் ஆசைக்காக ஓட்டும் அதே வளைவில் அவர்கள் பிழைப்புக்காகவும் வேண்டுதலுக்காகவும் வருகிறார்கள். வளைவுக்கு அந்தப்பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாத சாலையில், நம் கார் நம் தடத்திலேயே நிற்கும் என்ற உறுதியை அவர்களுக்குத் தர வேண்டியவர்கள் நாம். சரியான அளவு, புதிய தேதி, ஈரத்தில் பிடிக்கும் ரப்பர், பின்னால் நல்ல ஜோடி: இந்த வரிசையில் வாங்குங்கள்.